உள்ளே பல் இருப்பதாக நம்பப்படுகிறது

பல்லுக்காரரின் பிரேக் வயர் அறுந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், இறக்கத்தில். அந்த வயர் அறுந்துபோகத் தானே இடம் பார்த்து அலைந்திருந்தால்கூட இவ்வளவு தோதான இடம் அமைந்திருக்காது. கீழே நாற்சந்தி. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. விளக்குக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. முன்சக்கரத்து பிரேக் போன வருஷமே பதவி விலகிவிட்டதால் இருந்தது இந்த ஒன்றுதான். பல்லுக்காரர் இடதுகாலை நீட்டிச் செருப்பைத் தரையில் தேய்த்தார். செருப்பு தேய்ந்தது, குதிகால் சுட்டது, லாரியின் முதுகில் எழுதியிருந்த அறிவுரையை நிதானமாகப் படிக்கிற தூரத்தில் வண்டி நின்றது. இடைவெளி விட்டு வரவும் என்று எழுதியிருந்தது.

அவர் பல் டாக்டர் அல்ல. பல் செய்கிறவரும் அல்ல. பல்லைக் கொண்டுபோகிறவர். லேப்பில் பல்செட் தயாரானதும் அதைக் கேரியரில் பூட்டிய தகரப் பெட்டிக்குள் வைத்து, நகரத்தின் பல் டாக்டர்களிடம் சேர்ப்பது அவர் வேலை. இந்த நகரத்தில் காரில் புறப்பட்ட பல், வாயைச் சேர்வதற்குள் வாய்க்குரியவர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்னப் பழகி, பல்லே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அதனால்தான் சைக்கிள்.

அன்றைக்குப் பெட்டியில் ஒரே ஒரு செட் பாக்கி இருந்தது. மேலும் கீழுமாக முழு செட். நாற்சந்தியை ஒட்டிய டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மறுநாள் காலையில் கொடுக்கவேண்டியது.

"பெரிய இடத்து வாய்," என்று லேப் முதலாளியம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். "ஞாயித்துக்கிழமை அவருக்கு ஏதோ மேடையாம். அதுக்குள்ள பல்லு வாயில இருக்கணும். இல்லைன்னா டாக்டரம்மா வேற லேப்புக்குப் போயிடுவாங்க. அவங்க போனா நீங்களும் போகவேண்டியதுதான். நான் மோட்டார் பைக் கம்பெனிக்காரன்கிட்ட ஏற்கெனவே பேசி வச்சிருக்கேன்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். பல்லுக்காரர் பெட்டியின் பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

சைக்கிள் கடைகள் மேட்டின் உச்சியில் இருந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் ஏறினார். முதல் கடையில் ஹெல்மெட் மட்டும்தான். அடுத்த கடையில் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடி மட்டும். அதற்கடுத்ததில் சைக்கிளைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். கடைசிக் கடைதான் பெரியது. உள்ளே சைக்கிள்கள் கூரையிலிருந்து கறிக்கடை ஆடுகள்போலத் தொங்கின, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கு. வாசலில் பலகை: மிதிவண்டிப் பண்பாட்டுக் கழகம். விற்பனை. சேவை. சிந்தனை. பலகைக்குப் பக்கத்தில் கழகத் தலைவரின் ஆளுயரப் படம். வாய் நிறையச் சிரிப்பு. கீழே, 'புன்னகையோடு மிதிப்போம்'.

கழகத்தில் மெக்கானிக் என்று யாரும் கிடையாது. எல்லாரும் ஆலோசகர்கள். தாடி வைத்த ஓர் ஆலோசகர், தோலோடு தைத்ததுபோன்ற அரைக்கால்சட்டையில், வாசலுக்கு வந்தார்.

"பிரேக் வயர் அறுந்துபோச்சு தம்பி. மாத்திக் குடுத்தா போதும், ஓடிடுவேன்."

தாடிக்காரர் உதட்டின்மேல் விரலை வைத்தார். "வண்டி காதுல விழறமாதிரி அப்படிச் சொல்லாதீங்க சார்."

"எப்படி?"

"அறுந்துபோச்சுன்னு. மனசு விட்டுடும்."

அதற்குள் இன்னும் இரண்டு ஆலோசகர்கள் வந்து, ஆம்புலன்ஸ்காரர்கள்போல வண்டியை ஆளுக்கொரு பக்கம் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

"எங்க கொண்டு போறாங்க?"

"ஓய்வறைக்கு. மேடு ஏறி வந்திருக்கில்ல, பாவம்."

"தள்ளிட்டு வந்தது நான்தானே?"

"நீங்க இங்கயே நிக்கலாம் சார், பரவாயில்லை."

பல்லுக்காரர் நின்றார். ஒரு காலில் செருப்பு காகிதமாக இருந்ததால் சற்றே சாய்ந்து நின்றார். தாடிக்காரர் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"நீங்க ஏன் மிதிக்கிறீங்க?"

"மிதிக்கலைன்னா நகராதே தம்பி."

"அது வெளியில. உள்ளுக்குள்ள கேக்கறேன். மிதிக்கும்போது எதைத் தேடிப் போறீங்க?"

"போன மாசம் ஒரு டாக்டர் கிளினிக்கை மாத்திட்டாரு. அதைத் தேடித்தான் ஒரு நாள் பூரா அலைஞ்சேன்."

"இல்லை சார்... சைக்கிள் எதுக்காக?"

"வேலைக்குத்தான்."

காபி குடித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் கோப்பையை இறக்கினார்கள். ஒரு பெடலின் எடையைத் தராசில் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"அதாவது," என்றார் தாடிக்காரர், மெதுவாக. "ஒரு இடத்துலேர்ந்து கிளம்பி... இன்னொரு இடத்துக்கா?"

"ஆமா."

"போய்?"

"இறங்கிடுவேன்."

தாடிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் திகைத்ததற்குக் காரணம் உண்டு. கழக உறுப்பினர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மிதிக்கிறார்கள். வீட்டிலிருந்து காரின் தலையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கழக வாசலில் இறக்குவார்கள். பூங்காவைச் சுற்றிச்சுற்றி மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்து, மறுபடி காரில் ஏற்றுவார்கள். சைக்கிளை ஒருவர் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடும் என்பதைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள், பேசியும் இருந்தார்கள். உயிரோடு பார்த்ததில்லை.

செயலாளர் ஓடிவந்தார். ஒல்லியான மனிதர், மீசையில் பாதியை வழித்திருந்தார், காற்றுத் தடை குறையுமாம். பல்லுக்காரரின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

"இத்தனை வருஷமா மிதிவண்டியைக் காப்பாத்தணும், காப்பாத்தணும்னு நாங்க பேசாத மேடை இல்லை சார். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க இருப்பீங்கன்னு நாங்க எதிர்பார்க்கவே இல்லை."

"ரொம்ப சந்தோஷம் சார். அந்த வயரு..."

"அளவு எடுங்கப்பா!"

அளவு எடுத்தார்கள். தொடையை, கணுக்காலை, தோளை, மூச்சை. அந்தத் தராசுக்காரர் பல்லுக்காரரின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி எடைபோட்டு, "இதைச் சுமந்துக்கிட்டா வண்டி ஓட்டறீங்க?" என்று பரிதாபப்பட்டார். கேட்டவருடைய தொப்பை ஒரு சின்னக் குடும்பத்துக்கு நிழல் தரும். அவர் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டிவிட்டாராம், பயணத்தில் பாரம் கூடாது என்று. சொல்லிக்கொண்டே கிரீம் வைத்த கேக் ஒன்றை முடித்தார்.

பல்லுக்காரர் கால் மாற்றிக் கால் நின்றார். "தம்பி, இருட்டப்போகுது. வயர் போடலைன்னாலும் பரவாயில்லை, பெட்டியில ஒரு சாமான் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கறேன்."

"வண்டி தூங்குது சார்," என்றார் தாடிக்காரர். "காலைல வாங்க."

வீட்டில் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "வண்டி எங்கங்க?"

"தூங்குதாம்."

மெஷின் நின்றது. "பல்லு?"

"அதுவும் கூடத்தான்."

"கடைக்காரன் சைக்கிளைத் தூங்க வைப்பான். நீங்க தாலாட்டு பாடிட்டு வந்துட்டீங்களா?" அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "ஏங்க, அது என்னங்க ஒத்தைச் செருப்பு மட்டும் தேயுது? இன்னொரு காலு சும்மா இருக்கா?"

படுத்தவர் புரண்டார். மோட்டார் பைக் கம்பெனிக்காரனின் முகம் அவருக்குத் தெரியாது, இருந்தாலும் அவன் பல்லைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் கழகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். கதவு திறந்ததும் ஓய்வறைக்கு ஓடினார். வண்டி இல்லை. திரும்பினார். இருந்தது. எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்குமேல், இரண்டு பித்தளைக் கொக்கிகளில் தொங்கியது. சுற்றிச் சிவப்புக் கயிறு. மேலே விளக்கு. மட்கார்டில் ஒட்டியிருந்த சேறுகூடத் துடைக்கப்படவில்லை. கீழே பளபளக்கும் பலகை:

'பயன்படுத்தப்பட்ட மிதிவண்டி. அரிய வகை. அதன் ஓட்டுநர் இதில் ஏறிப் பல இடங்களுக்குச் சென்றதாகத் தெரிகிறது. தொடாதீர்.'

"சார்!" என்று செயலாளர் கையை விரித்தார். "எப்படி இருக்கு?"

"இறக்குங்க சார். நான் வேலைக்குப் போகணும்."

"இதுல இனிமே வேலைக்குப் போக முடியாது சார். பண்பாடாயிடுச்சு."

"என் வண்டி சார் அது!"

"உங்க வண்டிதான். யார் இல்லைன்னா? பலகையில 'ஓட்டுநர்'னு போட்டிருக்கோமே. நாங்க யாரோட மிதிவண்டியையும் பறிக்கறதில்லை. ஓட்டறதைத்தான் நிறுத்தறோம்."

"பெட்டியையாவது திறக்க விடுங்க. சாவி இருக்கு. உள்ள பல்லு இருக்கு."

"பல்லா?"

"பல்செட். ஒரு பெரிய மனுஷருக்குப் போகவேண்டியது."

செயலாளர் மூச்சை உள்ளே இழுத்தார். தாடிக்காரரைப் பார்த்தார். தாடிக்காரர் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் சிறிதாக இன்னொரு பலகை இருந்தது. அதைப் பெட்டிக்கு நேர்கீழே ஆணியடித்தார்கள்: 'உள்ளே பல் இருப்பதாக நம்பப்படுகிறது.'

"நம்பறதென்ன சார், நான்தானே வச்சேன்!"

"திறந்து பாத்துட்டா அப்புறம் யார் சார் வந்து பார்ப்பாங்க?"

போன் அடித்தது. முதலாளியம்மா. பல்லுக்காரர் ஒரு மூலைக்குப் போனார்.

"எங்க இருக்கீங்க?"

"பல்லு... பல்லு பக்கத்துலதாம்மா இருக்கேன்."

"டாக்டரம்மா கூப்பிட்டாச்சு. அந்தப் பெரிய மனுஷர் காலையிலேயே போய் வெறும்வாயோட உக்காந்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு. வெளியில யாருக்கும் தெரியக்கூடாதாம், மானப் பிரச்சினையாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆனாலும் அவருக்காக டாக்டரம்மா கிளினிக்கைத் திறக்கறாங்க. நாளைக் காலைல பல்லு அங்க இருக்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை நீங்க பெட்டியைக் கழட்டிக் கொண்டாந்து குடுத்துடுங்க, பைக் கம்பெனிக்காரனுக்கு மாட்டணும்."

பல்லுக்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். எட்டாத உயரம். முக்காலியை இழுத்தார். இரண்டு ஆலோசகர்கள் அவரை அன்போடு இடுப்பில் பிடித்துக் கீழே வைத்தார்கள்.

"இதைப்பத்தி முடிவெடுக்கிறவர் யாரு?" என்றார் பல்லுக்காரர். அவர் குரல் முதல்முறையாக உயர்ந்திருந்தது.

"தலைவர்தான். ஆனா ஒரு வாரமா மௌனத்துல இருக்கார்," என்றார் செயலாளர். "நாளைக்கு மாபெரும் மிதிவண்டிப் பேரணி இல்லையா? உரைக்காக மூச்சைச் சேமிக்கிறார்."

தலைவர் மாடியில் இருந்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். எதிரே நின்ற உறுப்பினர்களும் ஆளுக்கொரு கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் நுரையீரல் விரியும் என்று அவர்களே கண்டுபிடித்து, கழகக் கடையில் அதற்கென்று ஒரு கைக்குட்டையையும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

செயலாளர் விவரத்தைச் சொன்னார். தலைவர் சலிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். 'பல்' என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தார். கைக்குட்டை ஒரு விநாடி நழுவியது.

பல்லுக்காரர் அந்தக் கன்னங்களைப் பார்த்தார். காற்றுப்போன டியூப்போல உள்ளே இறங்கியிருந்தன. பிறகு சுவரிலிருந்த படத்தில் அதே முகம் வாய்கொள்ளாமல் சிரிப்பதைப் பார்த்தார். மேலும் கீழுமாக முழு செட். பெரிய இடத்து வாய். ஞாயிற்றுக்கிழமை மேடை.

"ஐயா!" என்றார். "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதே உங்க..."

தலைவர் பயங்கரமாக இருமினார். மேசையைத் தட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"தலைவருக்குக் கோபம் வந்துடுச்சு," என்றார் செயலாளர். "பெட்டியைத் திறக்கக்கூடாதுங்கறார்."

தலைவர் அதற்கும் தலையை ஆட்டினார். கீழே கையைக் காட்டினார். இறக்கு என்பதுபோல உள்ளங்கையைத் தாழ்த்தினார். பல்லுக்காரரைக் காட்டினார். இரண்டு முஷ்டிகளையும் சுழற்றி, போ, போ என்று ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கடைசியில் கைக்குட்டைக்குள் தன் வாயையே சுட்டிக்காட்டினார்.

செயலாளர் புல்லரித்துப்போனார். "புரிஞ்சுது தலைவரே! வண்டியை இறக்கணும். இவரே அதை ஓட்டணும். நாளைப் பேரணிக்கு இவர்தான் முன்னோடி. அதைப்பத்தி நீங்க உங்க வாயாலேயே உரையாத்தப் போறீங்க!"

உறுப்பினர்கள் கைக்குட்டைக்குள் ஆரவாரித்தார்கள்.

"பெட்டி?" என்றார் பல்லுக்காரர்.

"தலைவர் உரை முடிஞ்சதும் மேடையில வச்சுத் திறப்போம். உள்ள பல்லு இருக்கா இல்லையான்னு உறுப்பினர்களுக்குள்ள பெரிய விவாதமே ஓடிக்கிட்டிருக்கு."

உரை ஆற்றப் பல் வேண்டும். பல் வெளியே வர உரை முடியவேண்டும். தலைவரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"உணர்ச்சிவசப்படறார்," என்று செயலாளர் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடு முழுவதும் கார்கள். சைக்கிள் ஓட்ட வந்தவர்களின் கார்களால் சைக்கிள் ஓட்ட இடமில்லாமல் போய், பேரணி தாமதமானது. நகரத்தில் கார்கள் பெருகிவிட்டதைக் கண்டித்து ஒலிபெருக்கியில் முழக்கம் போட்டார்கள். ஓரமாக நிறுத்தவும் என்று நடுநடுவே அறிவித்தார்கள்.

பல்லுக்காரரின் வண்டியைக் கொக்கியிலிருந்து இறக்கி, நான்கு பேர் தூக்கிவந்து தரையில் வைத்தார்கள். அவர் முதலில் பிரேக் பிடியை அழுத்தினார். பிடி தொளதொளவென்று ஆடியது.

"தம்பி, வயர் போடலையா?"

"போட்டா பழமை போயிடும் சார்," என்றார் தாடிக்காரர். "அந்த அறுந்த நுனி இருக்கே, அதுதான் அழகு."

செயலாளர் ஒலிபெருக்கியில் விதிமுறைகளைச் சொன்னார். முன்னோடியை யாரும் முந்தக்கூடாது. முன்னோடி கைகாட்டினால் பின்னால் வருகிறவர்கள் அனைவரும் அதே கையைக் காட்டவேண்டும். முன்னோடி குழியைக் காட்டினால் குழி இருக்கிறதோ இல்லையோ கடைசி ஆள்வரை காட்டிக்கொண்டே போகவேண்டும். முன்னோடி பிரேக் பிடிக்காமல் யாரும் பிரேக் பிடிக்கக்கூடாது, வரிசை குலையும்.

கடைசி விதியைக் கேட்டதும் பல்லுக்காரர் பிரேக் பிடியை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.

கொடி அசைந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை பளபளக்கும் தலைகள். எல்லாருக்கும் பின்னால் தலைவரின் கார், ஜன்னலில் கைக்குட்டை. பல்லுக்காரருக்கு மூக்கு அரித்தது. சொறிந்தார். வரிசை முழுவதும் மூக்கைச் சொறிந்தது. ஒரு ஈயை விரட்டினார். அத்தனைபேரும் விரட்டினார்கள். தெருவோரம் நின்ற ஒரு பெரியவர் பதிலுக்குக் கையசைத்தார்.

பூங்காவின் மூலை வந்தது. இடதுபக்கம் திரும்பினால் பூங்கா. சுற்றிச்சுற்றி வந்து புறப்பட்ட இடத்தைச் சேரலாம். நேராகப் போனால் இறக்கம். இறக்கத்தின் கீழே நாற்சந்தி. நாற்சந்தியில், டாக்டரம்மாவின் கிளினிக் கதவு திறந்திருந்தது. இங்கிருந்தே தெரிந்தது.

"இடது! இடது சார்!" என்று செயலாளர் பின்னாலிருந்து கத்தினார். கத்தினாரே தவிர, விதியை மீறி முந்தவில்லை.

பல்லுக்காரர் நேராகப் போனார்.

இறக்கம் வண்டியை வாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் மேல்செட்டும் கீழ்செட்டும் குளிரில் அகப்பட்டதுபோலத் தந்தியடித்தன. காது இரைந்தது. பின்னால் எத்தனையோ சக்கரங்களின் இரைச்சல், எடையெல்லாம் குறைத்து வேகத்துக்கென்றே செய்த சக்கரங்கள், இதுவரை வேகத்தையே பார்த்திராதவை.

"சார், பிரேக் பிடிங்க சார்!"

"இல்லையே!"

"நீங்க பிடிச்சாத்தான் நாங்க பிடிக்க முடியும் சார்!"

சிவப்பு விளக்கு. அதே தண்ணீர் லாரி. பல்லுக்காரர் இடதுகாலை நீட்டினார். வரிசை முழுவதும் இடதுகாலை நீட்டியது. செருப்பு தரையைத் தொட்டது. பின்னால் விலையுயர்ந்த ஷூக்கள் தரையைத் தொட்டன. ரப்பர் வாடை எழுந்தது. கிறீச்சென்று ஒரு நீண்ட சத்தம் மேட்டிலிருந்து இறங்கி வந்து, நாற்சந்தியில் தூங்கிக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலரை எழுப்பி நிற்கவைத்தது.

பல்லுக்காரர் லாரிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி, கிளினிக் வாசற்படியில் முட்டி நின்றார். செயலாளர் அவர்மேல் முட்டி நின்றார். செயலாளர்மேல் தாடிக்காரர். அதற்குப் பின்னால் யார்மேல் யார் என்பதைக் கழகம் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

"எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா, கையுறையோடு வாசலில் நின்று. சாலையில் கிடந்த கூட்டத்தை அவர் பார்வை ஒருமுறை சுற்றிவந்தது. "இவங்களும் நம்ம பேஷண்டுகளா?"

"இன்னும் இல்லைம்மா," என்றார் பல்லுக்காரர். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். குவியலிலிருந்து யாராவது தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பெட்டியைத் திறந்து, பல்செட் இருந்த டப்பாவை டாக்டரம்மாவின் கையில் வைத்தார். தகரம் வெறுமையாக மூடிக்கொண்டது. அவருக்கு உட்காரவேண்டும்போல் இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

தலைவரின் கார் வந்தது. தலைவர் இறங்கி, யாரையும் பார்க்காமல், கைக்குட்டையோடு உள்ளே போனார்.

"உரைக்கு முன்னாடி தனிமை வேணும்போல," என்று தரையில் கிடந்தபடியே செயலாளர் சொன்னார்.

சற்று நேரத்தில் தலைவர் வெளியே வந்தார். கைக்குட்டை இல்லை. கன்னங்கள் நிறைந்திருந்தன. படத்தில் இருந்த அதே சிரிப்பு. கூட்டம் கைதட்டியது, கை தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள். தலைவர் படியிலேயே நின்று உரையைத் தொடங்கினார்.

"தோழர்களே! இன்று நம் கழகத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக, நாம் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறோம்!"

கைதட்டல்.

"இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மீண்டும் ஒருமுறை இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைக்கப்படும் என்று இந்த இடத்தில் உறுதி கூறுகிறேன். இது எந்த இடம்?"

"பல் ஆஸ்பத்திரி தலைவரே!"

"இருக்கட்டும். நமக்கும் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதையும் நான் உறுதியாகக் கூறுகிறேன். மிதிவண்டி வாழ்க! ஓட்டுநர் பார்த்துப் போகட்டும்! நமக்குக் கார்கள் வந்துவிட்டனவா?"

எல்லாரும் மேடேறித் திரும்பி, பெட்டியைக் கழற்றி மேடையில் வைத்துத் திறந்தபோது அது காலியாக இருந்தது. உள்ளே பல் இருந்ததாக நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் அன்றைக்கே கழகம் இரண்டாக உடைந்தது. அந்தக் குழப்பத்தில் பல்லுக்காரர் பெட்டியைக் கேரியரில் பூட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி அவருடைய காலைப் பார்த்தாள். இடதுகாலில் செருப்பின் வார் மட்டும் இருந்தது.

"வேலை?"

"இருக்கு."

"செருப்பு?"

"இல்லை."

"சரி, சாப்பிட வாங்க," என்றாள். பழைய செருப்புகள் கிடந்த மூலையிலிருந்து ஓர் இடதுகால் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மறுபடி மேடு ஏறினார். பிரேக் வயர் இன்னும் அறுந்தேதான் இருந்தது.

தாடிக்காரர் கழுத்தில் கட்டோடு வரவேற்றார். கடை மாறியிருந்தது. தொங்கிய சைக்கிள்கள் எதிலும் பிரேக் இல்லை. வாசல் கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணியின்மேல், இடதுகால் செருப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் குதிகாலும் முன்கூட்டியே தேய்க்கப்பட்டிருந்தது.

"பிரேக் வயர் ஒண்ணு வேணும் தம்பி."

"பிரேக்கா?" தாடிக்காரர் மெதுவாகச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை. "நீங்களா சார் இப்படிக் கேக்கறீங்க? உங்களைப் பாத்துத்தானே கழட்டினோம். அதெல்லாம் புதுசா ஓட்டறவங்களுக்கு. நாங்க இனிமே முழுக்க முழுக்கக் காலுதான்."

பல்லுக்காரர் வெளியே வந்தார். கடையின் பின்பக்கம் குப்பைத்தொட்டி ஒன்று வழிந்துகொண்டிருந்தது. அத்தனையும் பிரேக் வயர். புத்தம் புதியவை, ஒருமுறைகூடப் பிடிக்காதவை. நல்லதாக இரண்டை உருவினார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அங்கேயே குந்தி உட்கார்ந்து மாட்டினார். காபிக் கடையில் ஸ்பேனர் கொடுத்தார்கள்.

லேப்பில் முதலாளியம்மா மேசை நிறைய வாய் அச்சுகளைப் பரப்பி வைத்திருந்தார். முன்பல், கடைவாய்ப்பல், விழுந்த பல்லின் இடத்தை இணைக்கும் பாலங்கள்.

"டாக்டரம்மா அனுப்பியிருக்காங்க. எல்லாம் அந்தச் சைக்கிள் கழகத்து ஆளுங்களாம். நேத்து விழுந்தது பாதி, இன்னைக்குக் காலைல விழுந்தது மீதி," என்றார். முகத்தில் பண்டிகைக் களை. "ஏங்க, அவங்க பிரேக்கைத் திருப்பி மாட்டற யோசனை ஏதாவது இருக்காமா?"

"இல்லைம்மா. தீர்மானமே போட்டிருக்காங்களாம்."

"நல்லவங்க," என்றார் முதலாளியம்மா. "பைக் கம்பெனிக்காரன் கேட்டா வேலை இல்லைன்னு சொல்லிடுங்க. உங்களுக்கே பெட்டி போதாது, பெரிசா ஒண்ணு அடிச்சுக்குங்க."

முதல் நடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இறக்கத்தின் பாதியில் சும்மா ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தார். வண்டி சட்டென்று நின்றது. அப்படியே சற்று நேரம், ஒரு காரணமும் இல்லாமல், நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஓரம்! ஓரம்!"

மேட்டிலிருந்து செயலாளர் இடதுகாலை நீட்டியபடி வந்துகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மீசையில் பாதி காற்றில் பறந்தது. கீழே சிவப்பு விளக்கு விழுந்தது. தண்ணீர் லாரி நின்றது.

பல்லுக்காரர் மரியாதையாக ஓரம் ஒதுங்கினார். செயலாளர் கடந்துபோகும்போது அவருடைய பல்வரிசையை, தையற்காரர் தோளை அளப்பதுபோல, ஒருமுறை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டார்.